டெல்டாவில் இசை விழாக்களைப் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

காவிரிக் கரைப் பக்கம் புதிதாகக் கேமரா வாங்கியவரிடம் எந்த விழாவைப் படமெடுக்க ஆசை என்று கேட்டால், யோசிக்காமல் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனை என்பார். தை மாதக் காலை, ஆற்றங்கரைப் பந்தல், நூற்றுக்கணக்கான வித்வான்கள் தரையில் உட்கார்ந்து சேர்ந்து பாடும் காட்சி. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் தொடங்கும் இடமாக அதை நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலையில் பத்திரிகைக்காரர்கள், தொலைக்காட்சிக் கேமராக்கள், தடுப்புக் கட்டைகள், போலீஸ் எல்லாம் தாண்டி உங்களுக்குக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் முதுகு. அதோடு அங்கே கற்றுக்கொள்ள நேரமும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நம் ஊரில் இதைவிட நல்ல பயிற்சிக்களம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அங்கிருந்து தொடங்கிப் படிப்படியாகத் திருவையாற்றுக்குப் போவோம்.

முதல் படி: பக்கத்துக் கோயில் மேளம்

உங்கள் ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரி வைக்காமல் இருக்க மாட்டார்கள். மேடை தாழ்வாக இருக்கும், பத்தடி தூரத்தில் உட்காரலாம், இரண்டு மூன்று மணி நேரம் நடக்கும், டிக்கெட் கிடையாது. வெளிச்சம் மட்டும் மோசமாக இருக்கும். நல்லதுதான். டியூப் லைட்டிலும் சீரியல் பல்பிலும் எடுக்கப் பழகிவிட்டால் அப்புறம் எந்த சபா மேடையும் உங்களைப் பயமுறுத்தாது.

இப்படி இரண்டு மூன்று விழாக்கள் கை பழகிய பிறகு நாட்காட்டியைப் பாருங்கள். மாசியில் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி. சிதம்பரத்தில் 1981இல் தொடங்கிய இந்த வழக்கம் இன்று தஞ்சைப் பெரிய கோயில், கும்பகோணம் என்று பரவியிருக்கிறது. ஆடுபவரைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஓரத்தில் உட்கார்ந்து தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்பவரையும் பாடகரையும் எடுக்க ஆள் இருக்காது. கோடையில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூர் பாகவத மேளா. இரவெல்லாம் நடக்கும் இசை நாடகம் இது. மரபுப்படி ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள். ஐப்பசி சதயத்தில் ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திர விழா, ஓதுவார்களின் தேவாரத்தோடு. அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கேமராவுக்குக் குடை வேண்டும். பறை, கரகம், காவடி என்று நாட்டார் கலைகளில் ஈடுபாடு இருந்தால் தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தின் நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள். நாகூர் கந்தூரியின் சந்தனக்கூடு ஊர்வலமும் ராத்திரி வெளிச்சத்தில் எடுக்கப் பழகுவதற்கு ஏற்றது.

இரண்டாம் படி: கையில் என்ன இருந்தால் போதும்

கேமராவை மாற்றுவதற்கு முன்னால் லென்ஸை மாற்றுங்கள். பழைய கேமராவாக இருந்தாலும் சரி, 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். புதிதாகவே பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55இல் வைத்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைவிட எட்டு முதல் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நம் கோயில் மேடைகளில் இந்த வித்தியாசம் படம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்குமான வித்தியாசம். சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. என்பது ஏறக்குறைய 75 அல்லது 80 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வித்வானின் இடுப்பளவுப் படத்துக்குச் சரியாக இருக்கும்.

70-200 எஃப் 2.8 நல்ல லென்ஸ்தான். ஆனால் விலையும் கனமும் அதிகம், முதல் வருஷத்தில் தேவையில்லை. தவிர, அதைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லோரும் உங்களை வீடியோக்காரர் என்று நினைத்து, “தம்பி, ஆல்பம் எப்போ வரும்?” என்று கேட்பார்கள்.

வெறும் செல்போன்தான் இருக்கிறதா? அப்படியானால் பந்தல், கூட்டம், ஊர்வலம் என்று அகன்ற காட்சிகளை எடுங்கள். ராத்திரியில் ஜூம் செய்யாதீர்கள். முகம் கஞ்சி போட்ட துணிபோல வழவழத்துப் போகும்.

மற்றபடி ஒரு உபரி பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி, காதுக்குப் பஞ்சு. பஞ்சை விளையாட்டாகச் சொல்லவில்லை. நான்கு தவில் சேர்ந்து வாசிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், தெரியும்.

மூன்றாம் படி: கேட்கப் பழகுவது

கச்சேரிப் படத்தில் கண்ணுக்கு முன்னால் காது ஓட வேண்டும். பாடகர் முகத்தில் பாவம் வந்ததைப் பார்த்து நீங்கள் பொத்தானை அழுத்தினால் அது போய்விட்டிருக்கும். வரப்போகிறது என்று காது சொல்ல வேண்டும். அதற்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. கச்சேரி எந்த வரிசையில் போகும் என்று தெரிந்தால் போதும்.

வர்ணத்திலோ சின்னக் கீர்த்தனையிலோ தொடங்கும்போது எல்லோரும் மைக் சரிசெய்துகொண்டிருப்பார்கள். இது நீங்கள் வெளிச்சத்தை அளக்கும் நேரம். ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையில் பாடகருக்குத் தாளக் கட்டு இல்லை, கண் மூடும், கை காற்றில் அலையும். முகங்களை இங்கே எடுங்கள். அதே நேரத்தில் மிருதங்கக்காரர் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தான் வாசிக்காதபோது கேட்கும் வித்வானின் முகம் பல சமயம் வாசிக்கும்போது இருப்பதைவிட அழகாக இருக்கும். ஸ்வரங்களை அந்த இடத்திலேயே கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்தில் பாடகரும் வயலினும் மாறி மாறிப் போவார்கள். பாடகர் முடிக்கும்போதே லென்ஸை வயலின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

அப்புறம் தனி ஆவர்த்தனம். பிரதான உருப்படியின் கடைசிப் பகுதியில் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுக் கையால் தாளம் மட்டும் போடத் தொடங்குவார். கூட்டத்தில் சிலர் காபி குடிக்க எழுந்து போவார்கள். உங்களுக்கோ இதுதான் அறுவடை. மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மாறி மாறி வாசித்து, பகுதிகள் சுருங்கிக்கொண்டே வந்து, இருவரும் சேர்ந்து மோரா என்ற முத்தாய்ப்பை வாசித்து, கோர்வை என்ற கணக்குத் தொடரில் முடிப்பார்கள். கோர்வையைப் பெரும்பாலும் மூன்று முறை வாசிப்பார்கள். முதல் முறை கேட்டவுடன் கோணம் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை ஃபோகஸைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது முறை முடிந்து பாட்டு எடுக்கும் இடத்தில் விரலை அழுத்தியே வைத்திருங்கள். கணக்கு சரியாக வந்து விழுந்த அந்த நொடியில் பாடகர் தலையாட்டுவார், லயக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கச்சேரிக்கு ஒருமுறைதான் கிடைக்கும். இதைத் தெரியாதவருக்கு அதிர்ஷ்டம் இருந்தால் மட்டுமே கிடைக்கும்.

வீட்டில் ஏதாவது ஒரு முழுக் கச்சேரியின் பதிவைப் போட்டு, கேமரா இல்லாமல், எங்கே அழுத்துவேன் என்று தொடையில் தட்டிப் பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். பலன் உண்டு.

நான்காம் படி: உட்காரும் இடம்

நடுவில் உட்காராதீர்கள். நடுவிலிருந்து பார்த்தால் மைக் பாடகரின் வாயை மறைக்கும், பின்னால் நகைக்கடை விளம்பரத்தோடு ஃப்ளெக்ஸ் பேனர் முழுதாக விழும். மேடையைப் பார்த்து நிற்கும்போது வழக்கமாக மிருதங்கம் உங்கள் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்க வித்வானின் வலந்தலை, அதாவது வலக்கைப் பக்கத் தோல், சபையை நோக்கி இருக்கும் என்பதால், இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தால் அதன் நடுவில் அப்பிய கறுப்புச் சாதமும் அதன்மேல் விரல்களும் கிட்டத்தில் தெரியும். வலப்பக்க ஓரத்திலிருந்து பார்த்தால் பாடகர் முகத்துக்குப் பின்னால் மிருதங்கக்காரரும் சேர்ந்து விழுவார். பாதிக் கச்சேரிக்கு ஒரு பக்கம், மீதிக்கு மறு பக்கம். பாட்டு நடுவில் மாறாதீர்கள், கைதட்டும்போது நகருங்கள்.

கச்சேரிக்கு அரைமணி முன்னால் போய்விடுங்கள். மிருதங்கத்தின் தொப்பி என்ற இடப்பக்கத் தோலில் ஈரமான ரவையை அப்புவதும், கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதும் அப்போதுதான் நடக்கும். இடக்கை கட்டைவிரலில் ரவை ஒட்டியிருக்க, வித்வான் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். மேடை விளக்கு இன்னும் முழுதாகப் போடாத வெளிச்சத்தில் இது அருமையான படம்.

ஐந்தாம் படி: கேமராவில் என்ன வைப்பது

முழுக்க மேனுவலில் வையுங்கள். பயப்பட வேண்டாம். கச்சேரி மேடையில் விளக்கு மாறாது, ஒருமுறை சரியாக வைத்தால் மூன்று மணி நேரம் அப்படியே ஓடும். ஆட்டோவில் விட்டால் வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், மாநிற முகங்கள் கறுத்துப்போகும். பின்னால் கறுப்புத் திரை இருந்தால் நேர்மாறாக முகம் வெளுத்துவிடும். எனவே பாடகரின் கன்னத்தை அளந்து, அதற்கு வைத்து, மறந்துவிடுங்கள். வேட்டியில் கொஞ்சம் வெளுப்பு போனாலும் பரவாயில்லை, முகம்தான் முக்கியம்.

திறப்பு எஃப் 2 அல்லது 2.8. ஷட்டர் வேகம் பாடுபவருக்கு 1/125 நொடி, வயலின் வில்லுக்கு 1/200, மிருதங்க விரல்கள் உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/500. தவிலுக்கு அதற்கும் மேல். ஆனால் விரல்கள் கொஞ்சம் கலங்கி, முகம் தெளிவாக இருக்கும் படத்தில்தான் வேகம் தெரியும் என்பது என் ரசனை. 1/60இல் சில படங்கள் எடுத்துப் பாருங்கள். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தை அச்சடிக்கலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

டெல்டா மேடைகளில் பெரிய தொல்லை மலிவான எல்இடி விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவற்றில் பல நொடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். 1/320 போன்ற வேகத்தில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழும், அல்லது ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். 1/100 அல்லது 1/50க்கு இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேமராவில் மினுக்கல் தடுப்பு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் இந்தப் பட்டை இன்னும் மோசமாக வரும். ஆலாபனையின் மெல்லிய இடங்களில் சத்தமில்லா ஷட்டர் வேண்டும், பட்டையும் வரக்கூடாது என்றால் மேடைக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான். சாதாரண ஷட்டர்தான் என்றால் தவில், தனி ஆவர்த்தனம், கைதட்டல் என்று சத்தமான இடங்களுக்காகக் காத்திருங்கள்.

ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். ஷாமியானாவின் சிவப்பும் மஞ்சளும் முகங்களில் சாயம் பூசியிருக்கும். ரா இருந்தால் வீட்டில் அதைத் திருத்த வழி உண்டு. ஃப்ளாஷ் கூடவே கூடாது. ஃபோகஸுக்காக எரியும் குட்டி விளக்கு, பீப் ஒலி, எடுத்தவுடன் திரையில் படம் காட்டும் வசதி, மூன்றையும் வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறாம் படி: மேளத்தோடு நடப்பது

சுவாமி புறப்பாட்டில் மேடை இல்லை, நாற்காலி இல்லை, வெளிச்சம் உங்களோடு நடந்து வரும். கோயில் வாசலில் மல்லாரி எடுப்பார்கள். பாட்டு வரிகள் இல்லாத, கம்பீரமான உருப்படி அது. மல்லாரி கேட்டால் சுவாமி கிளம்புகிறார் என்று அர்த்தம், நீங்கள் வாசலுக்கு வெளியே பத்துப் பதினைந்தடி முன்னால் நின்றிருக்க வேண்டும். மேளம் சுவாமிக்கு முன்னால் வரும். நீங்கள் மேளத்துக்கு முன்னால் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கும். மாட்டுச்சாணம், மின்சார வயர், வெடிக்கட்டு எல்லாம் பின்னால்தான் இருக்கும். கூட ஒரு நண்பரை அழைத்துப் போய்த் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாற்சந்தியில் சுவாமி நிற்கும். மேளக்காரர்கள் நின்று வாசிப்பது அங்கேதான். ராத்திரியில் தூக்கிவரும் விளக்குகள் பக்கவாட்டில் நிற்கும்படி உங்கள் இடத்தைப் பாருங்கள். நேர் முன்னால் விளக்கு இருந்தால் முகம் தட்டையாகும். பக்கத்திலிருந்து விழுந்தால் நாதஸ்வரக்காரரின் ஊதிய கன்னமும் கழுத்து நரம்பும் எழும்பித் தெரியும்.

வாசிப்பு நின்ற இடைவெளியில் கிட்டே போய்ப் பாருங்கள். நாதஸ்வரத்தின் மேல்முனையில் நூலில் கோத்த உபரிச் சீவாளிகள் (வாயில் வைத்து ஊதும் நாணல் முனைகள்) தொங்கும், கூடவே சீவாளியைச் சரிசெய்யும் ஊசியும் இருக்கும். வித்வான் ஒரு சீவாளியைக் கழற்றி உதட்டில் ஈரப்படுத்தி, ‘பீ’ என்று சின்னதாக ஊதிப் பார்த்து, பிடிக்காமல் இன்னொன்றைப் பொருத்துவார். தவில்காரர் வலக்கை விரல்களில், துணியும் பசையும் சேர்த்து இறுக்கிச் செய்த கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டுவார். கேட்டுக்கொண்டு எடுங்கள். “அண்ணே, கூடு மாட்டுறதை ஒரு படம் எடுத்துக்கவா?” என்றால் பெரும்பாலும் கையை விளக்குப் பக்கம் நீட்டிக் காட்டுவார்கள்.

இதில் ஆர்வம் பிடித்துவிட்டால் ஒரு நாள் நரசிங்கம்பேட்டைக்குப் போய்வரலாம். கும்பகோணம்-மயிலாடுதுறை வழியில் இருக்கிறது. ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் ஊர், 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருவிழாப் படங்களோடு இதையும் சேர்த்தால் உங்கள் தொகுப்புக்கு ஒரு கதை வந்துவிடும்.

ஏழாம் படி: இப்போது திருவையாறு

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆராதனை ஆங்கிலத் தேதிப்படி நடப்பதில்லை, புஷ்ய பகுள பஞ்சமி திதியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளில் வரும். 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. பஞ்சாங்கம் பார்த்துவிட்டு விடுமுறை போடுங்கள். பஞ்சமிக்கு முந்தைய நாட்களிலேயே விழா தொடங்கிவிடும். காலையிலிருந்து இரவு வரை ஒருவர் பின் ஒருவராகக் குறுகிய நேரம் பாடி இறங்குவார்கள். பெரிய வித்வானும் பாட்டு வகுப்புப் பிள்ளைகளும் அதே மேடையில். யாருக்கும் அனுமதிச்சீட்டு வேண்டாம். ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரே நாளில் விதவிதமான முகங்கள், வாத்தியங்கள். உங்கள் நாட்களை இங்கே செலவிடுங்கள் என்பேன்.

தஞ்சாவூரிலிருந்து சுமார் 13 கி.மீ. பேருந்துகள் நிறைய உண்டு. ஊர் காவிரியின் வடகரையில் இருக்கிறது. தை மாதச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் ஆற்றுப் பக்கமிருந்து வெயில் வரும். ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றால் முகங்களில் நேராக ஒளி. ஆற்றைப் பார்த்து நின்றால் எதிரொளியில் குடுமியும் தம்பூராவும் நிழலுருவாகக் கிடைக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறந்திருக்கும் என்பதால் பெரும்பாலான வருஷங்களில் ஆற்றில் தண்ணீரும் ஓடும். அதிகாலைப் பனியில் லென்ஸ் நனையும். ஏசி அறையில் தங்கினால் கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரைமணி வெளியே வைத்திருந்து, அப்புறம் திறவுங்கள்.

பஞ்சமியன்று காலை, பாடிக்கொண்டே பிட்சை வாங்கும் உஞ்சவிருத்தி ஊர்வலம் தெருவில் வரும். இதை எடுக்க இடம் கிடைக்கும், விடாதீர்கள். பிறகு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராக வரிசையில் எல்லோரும் சேர்ந்து பாடும் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள். இந்த வரிசை தெரிந்தால் நேரம் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். முன்வரிசைக்கு முண்டியடிக்காமல் பந்தலின் பின்பாதிக்குப் போங்கள். மடியில் பாட்டு நோட்டை விரித்து, தாளம் தப்பாமல் தொடையில் தட்டிக்கொண்டு பாடும் மாமிகள், அப்பாவின் தோளில் உட்கார்ந்த குழந்தை, கண்மூடிய முதியவர், எல்லோரும் அங்கேதான். ஒருவரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள், முன்னால் நிற்கும் கேமராக்களில் எதுவும் இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது.

சமாதி வளாகத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலை இருக்கிறது. நிலம் வாங்கி சமாதிக் கோயிலை எழுப்பியவர் அவர், பெண்கள் இங்கே பாட முடியாதிருந்த காலத்தில் அதற்காகப் போராடியவர். பாடும் பெண்களையும் அவர் சிலையையும் ஒரே தொகுப்பில் வைக்க முயன்று பாருங்கள்.

அனுமதி, பழக்கவழக்கம்

கோயிலுக்குள் எடுப்பதென்றால் முதல் நாளே செயல் அலுவலரையோ விழாக்குழுவையோ பார்த்துக் கேளுங்கள். பல கோயில்களில் செல்போனே உள்ளே கொண்டுபோக முடியாது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களில் செல்போனைத் தடைசெய்யச் சொன்னது. கருவறைப் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். வேட்டியோ, கால்முழுதும் மறைக்கும் உடையோ போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் எழுந்து நிற்காதீர்கள். குழந்தைகளைப் படமெடுத்தால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மெலட்டூர் மாதிரி இடங்களில் வேடம் கட்டும் அறைக்குள் போக ஆசை வரும், அழைத்தால் மட்டும் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே கணினியிலும் இன்னொரு வன்தட்டிலும் ஏற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும். மறுநாள் பொறுக்குங்கள். 400 எடுத்தால் 15 தேறினால் நல்ல இரவு. கோணலான வாய், பாதி மூடிய கண், மூக்கை மறைக்கும் மைக் எல்லாம் முதலில் போகட்டும். படத்தின் கீழ் வித்வான் பெயர், வாத்தியம், ஊர், தேதி நான்கையும் எழுதிவையுங்கள். பக்கவாத்தியக்காரர் பெயரை விட்டுவிடாதீர்கள், அவர்களை விட்டுவிடுவதே நம் வழக்கமாகப் போய்விட்டது.

தேறிய படங்களில் இரண்டு மூன்றைக் கலைஞருக்கு அனுப்புங்கள். கிராமத்து மேளக்காரர்கள் பலரிடம் தாங்கள் வாசிக்கும் நல்ல படம் ஒன்றுகூட இருக்காது, பத்திரிகையில் போடக் கல்யாணப் போட்டோவைத்தான் வெட்டிக் கொடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்காரருக்கு அதுதான் வேண்டும். விழாக்குழு அடுத்த வருஷ அழைப்பிதழுக்குப் படம் கேட்டால் கொடுக்கலாம், காசு கேட்பதா என்பது உங்கள் இஷ்டம். உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள், மேடைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு இடமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.